கார்கள் பந்தடித்த கடை

மஸாஹிர் ஒரு கதிரையில் முழுசாக உட்கார்ந்ததை அவனுடைய மனைவி அஸீஸாவே கண்டதில்லை. தேத்தண்ணீரை நின்றுகொண்டு குடிப்பான். சோற்றைப் பாதியில் விட்டு எழும்பி, வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தைச் சாப்பிடுவான். புத்தளம் தில்லையடியில் அவன் நடத்திய வீடியோ கேம் கடையில் ஆட வருபவர்களுக்குக் கதிரைகள் இருந்தன, அவனுக்கென்று ஒன்று இருக்கவில்லை. யாராவது கேட்டால், ஒருமுறை எழுப்பிவிடப்பட்டவன் பிறகு சரியாக உட்காரமாட்டான் என்று சிரிப்பான். அதில் பாதிதான் பகிடி.

எழுப்பிவிடப்பட்டது தொண்ணூறில், போர்க்காலத்தில். வடக்கே எருக்கலம்பிட்டியில் அவன் அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த பிள்ளை. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஊரையே வெளியேறச் சொன்னார்கள். காரணம், அந்த ஊரார் முஸ்லிம்கள் என்பது மட்டுமே. வாப்பா அவனைத் தோளில் தூக்கி வள்ளத்தில் போட்டார். கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது சோற்றுப் பார்சலோடு ஓடி வந்தவர்கள் இந்தப் புத்தளத்து மக்கள்தான். அதை மஸாஹிர் ஒருநாளும் மறக்கவில்லை. ஆனால் மறக்காத இன்னொன்றும் இருந்தது. முகாமுக்குப் பக்கத்தில் ஒரேயொரு குழாய். விடியற்காலையில் ஊராருக்கு, வெயில் ஏறிய பிறகு அகதிகளுக்கு. வெயிலில் சுட்ட தண்ணீர் நிரம்பிய குடத்தை உம்மா இடுப்பில் வைக்கும்போது முகம் சுளித்தது அவனுக்கு இன்னும் தெரிந்தது.

போர் முடிந்து ஆண்டுகள் ஓடின. கிடுகுக் குடிசைகள் கல்வீடுகளாயின. முகாமில் பிறந்தவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் பெயர் அகதிதான். புத்தளத்தில் பிறந்து, புத்தளத்து உப்புக் காற்றில் தோல் கறுத்த ஒருவன் எத்தனையாவது தலைமுறையில் ஊரான் ஆவான்? இந்தக் கேள்விக்கு எந்தப் பெரிய மனிதரும் பதில் சொன்னதில்லை. கேட்டவன்மீது கோபப்பட்டார்கள். பதில் இல்லாத இடத்தில் வழக்கமாக நடப்பது அதுதான்.

மஸாஹிர் கட்டாருக்குப் போய், ஒரு பெரிய கடைத்தொகுதியின் விளையாட்டுக் கூடத்தில் இயந்திரங்களைத் துடைத்து, பிறகு திருத்தப் பழகி, கடைசியில் மூன்று டீவியோடும் பழைய இயந்திரங்களோடும் திரும்பி வந்தான். ரோட்டோரத்தில் பதியுதீன் ஹாஜியாரின் அறை காலியாக இருந்தது. ஹாஜியார் ஊரின் பழைய குடும்பம். அகதிக்கு ரோட்டோர அறை கொடுப்பதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தும் கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆட வந்தவர்கள் வளர்ந்த இளைஞர்கள். உப்பளத்தில், இறால் பண்ணையில், ஓட்டோவில் உழைத்துவிட்டு வருபவர்கள். டிஸ்க் பெட்டிகளில் இருந்த ஆங்கிலப் பெயர்கள் அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆகவே மஸாஹிர் எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்து மூன்று டீவிக்கும் பெயர் வைத்தான்: கார்ப் பந்தயத்துக்கு ஓட்டம், உதைபந்துக்குப் பந்து, சண்டைக்கு அடிபாடு. அது நல்ல ஏற்பாடு. இறால் பண்ணையில் வேலை செய்த டிலக்சன், முழங்கால்வரை சேறு காய்ந்த காலோடு வந்து, "நானா, இண்டைக்கு எனக்கு அடிபாடு" என்று மட்டும் சொல்வான். முதலாளியிடம் வாங்கிய ஏச்சையெல்லாம் அந்தத் திரையில் கொட்டிவிட்டு எழும்பிப் போவான். ஒரு மணித்தியாலம் மட்டும் சொந்தமாக உள்ள மனிதனிடம், எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்து உனக்குப் பிடித்ததைக் கண்டுபிடி என்று சொல்வது அநியாயம். வகைக்கு ஒரு பெயர் இருந்தால் வாசலைக் கண்டுபிடிக்கலாம். அந்த அளவில் வகை பிரிப்பது மனிதனுக்கு உதவி.

கேடு வந்தது கதிரைகள் வழியாக. யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் சில மாதங்களில் பந்து டீவிக்கு முன்னால் ஊர்ப் பொடியன்மார் மட்டும் இருந்தார்கள். ஓட்டத்துக்கு முன்னால் அகதிப் பொடியன்மார். அடிபாட்டுக்குக் களப்புக்கரையிலிருந்து வரும் டிலக்சனும் அவனுடைய மாதா கோயில் கூட்டாளிகளும். ஒருவன் வெறும் கதிரையைக் கண்டாலும் அடுத்த டீவியில் போய் இருக்கமாட்டான், சுவரில் சாய்ந்து நின்று தன் டீவி காலியாகும்வரை காத்திருப்பான்.

உப்பளத்தில் வேலை செய்த ஜவ்பர் ஊர் உதைபந்துக் கழகம் ஒன்றின் நல்ல ஆட்டக்காரன். ஒருநாள் மிகவும் அன்பாகவே சொன்னான், அகதிப் பொடியன்மாருக்குப் பந்து வராது, அவங்களுக்கு ஓட்டம்தான் சரி என்று. மஸாஹிர் அந்த நேரம் வயர் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். கை நின்றது. உங்கள் கழகத்தில் முகாம் பொடியன் ஒருவனையாவது பதிந்திருக்கிறீர்களா, மைதானத்தில் ஒரு பின்னேரமாவது விட்டிருக்கிறீர்களா என்று கேட்டான். ஜவ்பர் யோசித்தான். அவன் கெட்டவன் அல்ல, அதைப்பற்றி அதுவரை யோசித்ததேயில்லை, அவ்வளவுதான். மைதானத்தைப் பூட்டிவிட்டு, உனக்குப் பந்தடிக்கத் தெரியாது என்று சொல்வது எங்கும் நடப்பது. பூட்டியவனுக்குப் பூட்டு ஞாபகம் இருப்பதில்லை.

அன்றிலிருந்து மஸாஹிருக்கு மூன்று டீவியும் மூன்று வேலியாகத் தெரிந்தன. முதலில் கமமும் சண்டையும் கலந்த ஓர் ஆட்டத்தைக் கொண்டு வந்து போட்டான். யாருக்கும் பிடிக்கவில்லை, அவனுக்கும்தான். நாற்று நடுகிறவன் திடீரென்று எழும்பிச் சுடுவான், பிறகு குனிந்து நடுவான். நாற்றை எடுத்துவிட்டால் சண்டைக்கு ஒன்றும் குறையவில்லை, சண்டையை எடுத்துவிட்டால் நாற்று நிம்மதியாக வளர்ந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைப்பது கலப்பு ஆகாது என்று அவனுக்கு அப்போது விளங்கியது. ஒன்று இல்லாமல் மற்றது நிற்க முடியாதபடி இருக்க வேண்டும்.

பிறகு கொழும்பிலிருந்து வந்த டிஸ்க் ஒன்றில் அது கிடைத்தது. கார்கள் பந்தடிக்கும் ஆட்டம். ஒரு பக்கம் இரண்டு நீலக் கார், மறுபக்கம் இரண்டு சிவப்புக் கார், நடுவில் காரைவிடப் பெரிய பந்து. ஓட்டத் தெரியாவிட்டால் பந்தைத் தொட முடியாது. பந்து கொடுக்கத் தெரியாவிட்டால் எவ்வளவு ஓடியும் பிரயோசனம் இல்லை. மஸாஹிர் வீட்டுக்கு வந்து குசினிக்கும் வாசலுக்கும் நடந்தபடி இதை விளக்கினான்.

"ரெண்டயும் கலக்கணுமெண்டு உங்களுக்கு ஏன் இந்தத் துடிப்பு?" என்றாள் அஸீஸா. "இறால் கறியில இனிப்பு வட்டிலப்பத்தக் கரைப்பீங்களா?"

"மாசிக் கருவாடும் தேங்காயும் சேர்ந்தாத்தானே சம்பல்."

"அதுக்கு வெங்காயம் வேணும். உரிக்கிறவள்ட கண்தான் எரியும்."

அவள் சொன்னது வெறும் நையாண்டி அல்ல. ஹாஜியார் கோபித்து அந்த அறை போனால் ரோட்டோரத்தில் இன்னொன்று அவர்களுக்குக் கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நோன்புப் பெருநாளைக்கு வழக்கமாக மூன்று டீவியிலும் மூன்று போட்டி நடக்கும். பந்தில் ஊர் வெல்லும், ஓட்டத்தில் முகாம் வெல்லும், அடிபாட்டில் களப்புக்கரை வெல்லும். யாரும் யாரிடமும் தோற்காத அந்தப் போட்டியை ஊர் ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டார்கள். இந்த முறை ஒரே போட்டி, கார்ப் பந்து மட்டும் என்று மஸாஹிர் அறிவித்தான். சோடியில் இரண்டு பேரும் ஒரே டீவிக்காரராக இருக்கக் கூடாது. பந்துக்காரர் காலே இல்லாத பந்தா என்று சிரித்தார்கள். ஓட்டக்காரர் ரோட்டே இல்லாத ஓட்டமா என்றார்கள். ஆனாலும் பரிசுக் கேடயத்தின் பளபளப்பில் எல்லோரும் வந்தார்கள்.

செய்தி ஹாஜியாரின் காதுக்கும் போனது. அவர் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கடைக்கு வந்தார். வேறு வேறு ஆட்கள் வேறு வேறாக இருந்தால் பிரச்சினை இல்லை, கலந்தால் சண்டை வரும் என்றார். அப்படி வந்ததற்கு ஆதாரம் என்ன என்று மஸாஹிர் கேட்டான். ஆதாரம் கேட்பவர்களை ஹாஜியாருக்குப் பழக்கமில்லை.

"எனக்கு ஒரே பேச்சுத்தான், மகன். கடையில சண்டை ஒண்டு வந்தா அறையத் திருப்பித் தரணும்."

"தாறன், ஹாஜியார்."

போட்டிக்கு முந்திய வாரம் கடை ஒரு பைத்தியக்கார மடம்போல இருந்தது. ஜவ்பருக்குச் சோடியாக விழுந்தவன் றிம்ஸான், முகாம் பகுதியில் ஓட்டோ ஓட்டுபவன். ஜவ்பர் பந்து வரும் இடத்தை முன்கூட்டியே அறிவான், ஆனால் பிறேக் பிடிக்கத் தெரியாமல் சுவரில் போய் முட்டுவான். றிம்ஸான் காரை ஊசிக் காதுக்குள்ளும் நுழைப்பான், ஆனால் பந்து கிடைத்தால் யாருக்கும் கொடுக்காமல் தன்பாட்டில் கொண்டு ஓடுவான். நீ என்ன கலியாண வீட்டுக்குப் பொம்புளை ஏத்திக்கொண்டு போறியா, இறக்கடா என்று ஜவ்பர் கத்துவான். மூன்றாம் நாள் றிம்ஸான் முதல்முறையாகப் பந்தைக் கொடுத்தான். ஜவ்பர் முதல்முறையாகப் பிறேக் பிடித்தான். அந்தக் கோலுக்கு மஸாஹிர் கடைக்கு வெளியே ஓடி, ரோட்டைப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே ஓடி வந்தான்.

பெருநாளுக்கு மறுநாள், பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு இறுதி ஆட்டம். நீலக் கார்கள் ஜவ்பரும் றிம்ஸானும். சிவப்புக் கார்கள் டிலக்சனும், ஜவ்பருடைய கழகத்தின் தலைவன் மஹ்ரூப்பும். மஹ்ரூப் ஹாஜியாரின் தங்கச்சி மகன். சமமாக நின்ற ஆட்டத்தின் கடைசி நொடியில் றிம்ஸான் தட்டிவிட்ட பந்து கோட்டைத் தாண்டவும், கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

திரை கறுத்தது. கோல் என்றான் ஜவ்பர். இல்லை என்றான் மஹ்ரூப். கண்ணால் கண்டோம் என்று பாதிப் பேர், காணவில்லை என்று பாதிப் பேர். மஹ்ரூப் ஜவ்பரைத் தள்ளினான். றிம்ஸான் மஹ்ரூப்பின் சட்டையைப் பிடித்தான். விலக்கப் போன டிலக்சன் கதிரையோடு சேர்ந்து யன்னல் கண்ணாடியில் விழுந்தான். கண்ணாடி ரோட்டில் சிதறிய சத்தத்துக்குப் பள்ளிவாசல் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஹாஜியார்.

அவர் உடைந்த யன்னலைப் பார்த்தார், கிழிந்த சட்டையைப் பார்த்தார். முகத்தில் ஒருவகைத் திருப்தி.

"அகதிப் பொடியன்மார் ஊராருக்குக் கை வச்சிட்டாங்க. சொன்னேனா இல்லையா?"

"இல்ல ஹாஜியார், றிம்ஸான் எங்கட பக்கம்" என்றான் ஜவ்பர். "உங்கட மருமகன்தான் மத்தப் பக்கம்."

"எங்கட பக்கமெண்டா எது?"

"நீலக் கார்."

ஹாஜியார் மஹ்ரூப்பைப் பார்த்தார். அவனும் தலையாட்டினான். "ஓம் மாமா. நானும் டிலக்சனும் சிவப்பு. அது கோல் இல்ல." உள்ளங்கையில் இடுப்புச் சாரத்து நுனியைச் சுற்றி இரத்தத்தை அழுத்திக்கொண்டிருந்த டிலக்சன், அது கோல் இல்லைதான் என்று வலியோடு ஒத்துக்கொண்டான்.

கூடி நின்றவர்கள் யார் யாருக்கு அடித்தார்கள் என்று பிரித்துப் பார்க்க முயன்றார்கள். பிரியவில்லை. ஊரான் ஊரானைத் தள்ளியிருந்தான், அகதி ஊரானுக்காகச் சண்டை பிடித்திருந்தான், ஊரானுக்காக ஒரு கிறிஸ்தவன் கண்ணாடியில் விழுந்திருந்தான். அவர்கள் கையில் இருந்த பெயர்கள் ஒன்றும் இந்தச் சண்டைக்குப் பொருந்தவில்லை. சிலர் ஏமாற்றத்தோடு கலைந்தார்கள்.

ஹாஜியார் மஸாஹிரைத் தனியே அழைத்தார். குரல் தணிந்திருந்தது. உன்னைத் தெருவில் விட எனக்கு மனமில்லை, அறையை நீயே வைத்துக்கொள் என்றார். ஒரேயொரு நிபந்தனை. இந்தக் கலவை வேண்டாம், பழையபடி மூன்று டீவி. அதோடு நேரமும் பிரித்துவிட வேண்டும். காலையில் ஊர்ப் பொடியன்மார், பகலில் அகதிகள், பின்னேரம் மற்றவர்கள்.

மஸாஹிர் அந்த அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். அவன் கையாலேயே சுண்ணாம்பு அடித்த சுவர். வெளியே அஸீஸா, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டபடி, ஆட்களுக்கு அப்பால் நின்றாள். அறையை விட வேண்டாமென்று அவள் தலையாட்டியிருந்தால் அவன் ஒருவேளை அறையை வைத்துக்கொண்டிருப்பான். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வகைக்குப் பேர் வைக்கிறது எனக்குப் பிரச்சினை இல்ல, ஹாஜியார்," என்றான். "பேர் வச்சது நான்தான். ஆனா பகல் வெயில்ல வரிசையில நிக்கச் சொன்னா, அது எனக்கு ஏலாது. எங்கட உம்மா அதைச் செஞ்சவங்க."

சாவியைக் கதிரையில் வைத்தான். சண்டை வந்தால் தருவதாகச் சொன்னேன், வந்தது, தருகிறேன் என்றான். ஹாஜியார் சாவியை எடுக்கவும் இல்லை, அவனை மறிக்கவும் இல்லை.

டீவிகளை றிம்ஸானின் ஓட்டோவில் ஏற்றினார்கள். மூன்றும் அதற்குள் கொள்ளவில்லை. ஒன்றை ஜவ்பர் மடியில் வைத்துக்கொண்டான், ஒன்றை மஹ்ரூப் தன் மோட்டார் சைக்கிளில் கட்டினான். அஸீஸா வயர்ப் பையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வெங்காயம் உரித்தது யார் என்று இப்போது தெரிகிறதா என்று கேட்டாள். மஸாஹிர் தெரிகிறது என்றான். அவளுக்குத் தர அவனிடம் ஓர் இடமும் இருக்கவில்லை.

"எங்க போறது, நானா?" என்று றிம்ஸான் கேட்டான்.

"தெரியா. எடு முதல்ல."

ஓட்டோ கிளம்பியது. மஸாஹிர் உள்ளே ஏறவில்லை, பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றபடியே போனான். உள்ளே ஜவ்பர், டீவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து அது கோல்தான் என்று கத்தினான். மஹ்ரூப், ரோட்டில் கண்ணை வைக்காமல், இல்லை என்று திரும்பக் கத்தினான்.