டீச்சர் கூப்பிட்டால்தான்

எழிலரசிக்குப் பயம் வந்தால் முதலில் போவது குரல்தான். வியர்ப்பது, கை நடுங்குவது எல்லாம் அப்புறம். பள்ளிக்கூடத்தில் புது வாத்தியார் பெயர் வாசித்த அன்று 'உள்ளேன் ஐயா' சொல்ல வாய் வராமல், முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டே வராதவளாகிப் போனாள். பெண் பார்க்க வந்தவர்கள் பெயரைக் கேட்டபோது வாயைத் திறந்து மூடினாள். பெண் ஊமையோ என்று மாப்பிள்ளையின் அத்தை அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுத்தான் வெற்றிலையைத் தொட்டாள். கல்யாணமான புதிதில் அடுப்படிக்குள் சாரைப்பாம்பு ஒன்று வந்தது. அது அரிசிப் பானையைச் சுற்றிப் பார்த்து, தண்ணீர் போகிற ஓட்டை வழியாக வெளியேறி, தன் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இவளுக்கு 'பாம்பு' என்ற சொல் வந்தது. தடியோடு ஓடிவந்த புருஷன் முருகேஷ் வெறுந்தரையைப் பார்த்து விழித்தான்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அங்கன்வாடி டீச்சர் வேலை கிடைத்தது. அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற சாலையை விட்டு உள்ளே ஒதுங்கிய ஊர். காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பெற்றவர்கள் தக்காளித் தோட்டத்துக்கும் பஸ்ஸுக்கும் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருப்பது எழிலரசியின் வேலை. யாரும் சொல்லி அவள் செய்யவில்லை. முட்டையை வேகவைக்கும் முன் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள், வெந்த பிறகு முகர்ந்து பார்ப்பாள், ஊட்டும் முன் ஒரு விள்ளல் தின்று பார்ப்பாள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை போய், அணைத்தோமா என்று திரும்பி வருவாள். சமையலுக்கு இருக்கிற குள்ளம்மாளை ஊரே ஆயா என்றுதான் கூப்பிடும். அந்த ஆயா சொல்வாள்: "நீங்க கொஞ்சம் மிச்சம் வெச்சாத்தானுங்க டீச்சரம்மா, நாங்களும் பயப்பட முடியும்."

அவளுடைய பயங்களுக்குள் பெரியது கால். முள் ஏறும், கண்ணாடி கிழிக்கும், தேள் கொட்டும். பிள்ளைகள் செருப்பில்லாமல் வாசல் தாண்டக் கூடாது. அவளுமே உள்ளே வெளியே எங்கும் ரப்பர் செருப்போடுதான் நடப்பாள்.

அப்படியிருக்க, தருமபுரியில் நடந்த பயிற்சியில் ஒரு மேடம் எழுந்து, குழந்தைகளின் செருப்பைக் கழற்றிவிடுங்கள் என்றார். குழந்தை கையால் மட்டும் கற்பதில்லை, காலாலும் கற்கிறது. மணல் எது, சேறு எது, சுடுவது எது, வழுக்குவது எது என்று பாதத்துக்குத் தெரியட்டும் என்றார். எழிலரசிக்கு முள்ளும் கண்ணாடியும் தேளும் வரிசையாகக் கண்முன் வந்தன. ஆனால் செய்யாவிட்டால் மேலிடத்தில் கேட்பார்களே என்பது இன்னொரு பயம். இரண்டு பயத்தில் இது பெரியதாக இருந்ததால், கால் பாதை தயாரானது.

ஒரு தட்டில் மணல், அடுத்ததில் கேழ்வரகு, அப்புறம் தேங்காய் நார் மிதியடி, வைக்கோல், குழைத்த செம்மண். புளியங்கொட்டையும் வைப்பதாக இருந்தாள். மூக்கில் போட்டுக்கொள்வார்களே என்று எடுத்துவிட்டாள். கடைசியில் ஒரு நீலத் தார்ப்பாய், அதன்மேல் தண்ணீர் தெளித்திருக்கும். இரண்டு காலையும் சேர்த்து அதில் குதித்தால் சளக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் மற்றதையெல்லாம் பொறுமையாக மிதித்தார்கள். முதல் வாரம் செம்மண்ணைக் கண்டு காலை மடக்கிக்கொண்டு அழுதவர்கள், மறுவாரம் அதில் கால் விரலால் கோடு இழுத்தார்கள். எழிலரசிக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு பேர் குதித்து மண்டையை உடைத்துக்கொண்டால்? அதற்கும் வழி செய்தாள். தார்ப்பாய்க்கு முன்னால் ஒரு சாக்கை மடித்துப் போட்டாள். காலில் சாக்கு பட்டதும் நின்றுவிட வேண்டும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் குதிக்க வேண்டும். அதற்கு முன்னால் குதித்தாலும் கண்ணைத் திறந்தாலும் அவுட்டு; வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? சாக்கில் நிற்பவனை ஏமாற்ற மற்றவர்கள் எல்லாம் அவன் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். டீச்சர் மாதிரியே குரலை மெலிதாக்கிக் கூப்பிடுகிற கில்லாடிகளும் உண்டு. ஒருத்தி மட்டும் ஒருநாளும் ஏமாந்ததில்லை. தக்காளித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற நிர்மலாவின் மகள் ஜாஸ்மின். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. நாலு வயசு, எலும்பும் தோலுமாக இருப்பாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சாக்கின் மேல் அடித்த ஆணி போல நிற்பாள். ஆயா கூப்பிட்டாலும் அசைய மாட்டாள். "டீச்சர் கூப்புட்டாத்தான்" என்பாள்.

அங்கன்வாடிக்குப் பின்னால் காளியப்பன் நிலம். போன கோடையில் அவர் அங்கே பண்ணைக்குட்டை வெட்டினார். தோண்டிய மண்ணை ஒரு பக்கம் மலையாகக் குவித்துவிட்டு, குழிக்குள் நீல பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, காற்றில் பறக்காமலிருக்க விளிம்பு நெடுக மணல் மூட்டைகளை அடுக்கினார். தண்ணீரும் விட்டாயிற்று. சரிவில் பாசி பிடித்து, நாய் விழுந்தால்கூட ஏற முடியாத வழுக்கல். எழிலரசி அதைப் பார்த்த நாளிலிருந்து ஒழுங்காகத் தூங்கவில்லை.

"வேலி போட்டுருங்கண்ணா, பிள்ளைங்க இருக்கற இடம்" என்று கெஞ்சினாள்.

"அடுத்த வாரம் போட்டுடறேனுங்க டீச்சர். நீங்க இருக்கறப்ப எந்தப் பிள்ளை அந்தப் பக்கம் போகப் போகுது?" என்று சிரித்தார் காளியப்பன். அடுத்த வாரம் வந்து வந்து போனது. வேலி வரவில்லை.

அன்று மதியம் பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்த பிறகு கேஸ் சிலிண்டர் வந்தது. டீச்சரும் ஆயாவுமாக அதை உருட்டி உள்ளே வைத்தார்கள். வைத்த பிறகு மூக்கை வைத்து மோந்து பார்த்தாள் எழிலரசி, திருகை இறுக்கிப் பார்த்தாள். திரும்பி வந்து பாய்களைப் பார்த்தபோது ஒரு பாய் காலி. அதன் பக்கத்தில் சின்ன ரோஸ் செருப்பு, ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைத்தபடி. பின்கதவு திறந்திருந்தது.

செருப்பைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை. வெளியே போனால் செருப்போடுதான் போவாள். செருப்பை விட்டுவிட்டுப் போவது ஒரே ஒரு விளையாட்டுக்குத்தான்.

"ஆயா" என்று கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

குள்ளம்மாள் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு வாசலுக்கு ஓடிக் கத்தினாள். அவ்வளவுதான், ஊர் கூடிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த நிர்மலா கூடையை அப்படியே போட்டுவிட்டு வரப்பில் விழுந்து எழுந்து ஓடிவந்தாள். சாலைப் பக்கம் நாலு பேர், கோயில் பக்கம் நாலு பேர். எல்லாப் பக்கமும் "ஜாஸ்மினு! ஏ ஜாஸ்மினு!" என்று குரல்கள். காளியப்பன் பம்புசெட்டுப் பக்கமிருந்து ஓடிவந்தார். "குட்டையப் பாத்துட்டுத்தான் வரேன். தண்ணியில ஒண்ணுமில்லீங்க" என்றார். சொல்லும்போதே அவர் குரல் சரியில்லை.

கூப்பிடாமல் இருந்தது எழிலரசி ஒருத்திதான். தொண்டையில் யாரோ துணியை அடைத்த மாதிரி இருந்தது. கண்ணை மூடினால் நீலமாகத் தெரிந்தது. நான்தானே சொல்லிக் கொடுத்தேன், நீலத்தைக் கண்டால் குதி என்று. காலைச் சேர்த்துக் குதி என்று கைதட்டியது நான்தானே.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க? கூப்புடு டீச்சர்!" நிர்மலா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். எப்போதும் வாங்க போங்க என்றுதான் பேசுவாள். அன்று அதெல்லாம் போய்விட்டது. "ஊரே கத்துது, உன்னை நம்பித்தானே வுட்டுட்டுப் போனேன்!"

எழிலரசி குட்டையைப் பார்த்து ஓடினாள். காளியப்பன் பார்த்தது இந்தக் கரையிலிருந்து. மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூலை இங்கிருந்து தெரியாது. அவள் மேட்டில் ஏறினாள். மண் சரிந்து சரிந்து காலை இழுத்தது. பின்னால் நிர்மலாவும் காளியப்பனும் ஏறினார்கள்.

மேட்டின் உச்சியிலிருந்து தெரிந்தது. குட்டையின் விளிம்பில், மணல் மூட்டை ஒன்றின் மேல், தண்ணீரைப் பார்த்தபடி, இரண்டு காலையும் சேர்த்துவைத்துக்கொண்டு ஜாஸ்மின் நின்றிருந்தாள். காற்றில் பாவாடை ஆடியது. அவள் ஆடவில்லை.

"ஜாஸ்மினு!" நிர்மலா அலறினாள். குழந்தை திரும்பவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை. "ஐயோ, காது கேக்கலயா இவளுக்கு? டீச்சர், நீ கூப்புடு, உன் பேச்சத்தான் அவ கேப்பா!"

அந்த நொடியில்தான் எழிலரசிக்குப் புரிந்தது. ஊர் முழுக்கக் கத்துகிறது. அந்தப் பிள்ளைக்கு அது எல்லாரும் சேர்ந்து தன்னை அவுட் ஆக்கப் பார்க்கிற குறும்பு. அவள் சாக்கின் மேல் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே ஒரு குரலுக்காகக் காத்திருக்கிறாள்.

கெட்ட நேரம் பார்த்துத் தொண்டை திறந்துகொண்டது. அடைத்திருந்தது விலகி, 'ஜா' என்ற எழுத்து நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எழிலரசி தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். இத்தனை நேரம் தன் குரல் வரவில்லையே என்று பதறியவள், இப்போது அது வந்துவிடக் கூடாதே என்று பதறினாள். இருந்த பயத்திலெல்லாம் பெரிய பயம் அதுதான்.

மற்றவர்களைப் பார்த்து, நில்லுங்கள் என்று கை காட்டினாள். நிர்மலா பாயப்போனாள், டீச்சரின் கண்ணைப் பார்த்த காளியப்பன் அவள் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். எழிலரசி செருப்பைக் கழற்றினாள். டப் டப்பென்று அடிக்கிற செருப்பு. அது டீச்சர் வருகிற சத்தம் என்று பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும்.

வெறுங்காலோடு இறங்கினாள். மண் தணலாகச் சுட்டது. மேட்டின் அடியில் கேழ்வரகு அறுத்த தாள்கள் பாதத்தைக் கீறின. ஒரு நெருஞ்சி முள் குதிகாலில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதன்மேலேயே மிதித்து நடந்தாள். வேறொரு நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். அப்புறம் ஈர மண், குளிர்ச்சியாக. பாதம் வழுக்குகிறதா என்று ஒவ்வொரு அடியையும் அழுத்திப் பார்த்து வைத்தாள். மூச்சு விடுகிற சத்தம் தன் காதுக்கே பெரிதாகக் கேட்டது. மூச்சையும் நிறுத்திக்கொண்டாள்.

பக்கத்தில் போனதும் தெரிந்தது, மூட்டை ஓரத்தில் கிழிந்து மணல் சிந்திக்கொண்டிருந்தது. அது குழந்தையின் எடைக்கே தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருந்தது. ஜாஸ்மின் கண்ணை இறுக்கி மூடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

எழிலரசி பின்னாலிருந்து இரண்டு கையாலும் இடுப்பைச் சுற்றி வாரிப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் கரையில் மல்லாக்க விழுந்தார்கள். மூட்டை மெதுவாக உருண்டு, வழுக்கலில் சறுக்கி, தண்ணீருக்குள் போய் அமுங்கியது.

"நீ கூப்புடவே இல்லையே டீச்சர்" என்றாள் ஜாஸ்மின், கண்ணைத் திறக்காமலே. "நான் அவுட்டா?"

எழிலரசி அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நடந்தாள். யாரிடமும் கொடுக்கவில்லை. மேட்டைச் சுற்றி, வரப்பைத் தாண்டி, நொண்டிக்கொண்டே அங்கன்வாடிக்குள் வந்துதான் இறக்கிவிட்டாள். பின்னாலேயே வந்த நிர்மலா வழியெல்லாம் ஓயவில்லை. "எம் பொண்ணு செத்திருந்தாலும் இப்படித்தான் வாயை மூடிக்கிட்டு நின்னிருப்பியா? ஒரு குரல் கூப்புட உனக்கு என்ன கேடு?" ஆயா தண்ணீர்ச் சொம்போடு நடுவில் வந்து ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தாள். அது நிர்மலாவின் காதில் விழவில்லை.

"வா, வூட்டுக்குப் போலாம்" என்று நிர்மலா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். ஜாஸ்மின் வரவில்லை. சிமெண்டுத் தரையில் இரண்டு காலையும் சேர்த்துவைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி விறைத்து நின்றாள்.

"டீச்சர் இன்னும் கூப்புடல" என்றாள்.

எழிலரசி முழங்காலிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. பின்கதவு சாத்தியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளை காணாமல் போன பிறகு முதன்முறையாக, மெதுவாகச் சொன்னாள்.

"ஜாஸ்மின்."

சொல்லி வாய் மூடுவதற்குள் குழந்தை குதித்தது. இரண்டு காலையும் சேர்த்து, கையை விரித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, முன்பக்கமாக எம்பிக் குதித்தது. காய்ந்த தரையில் இரண்டு பாதமும் பட்டென்று விழுந்தன. ஜாஸ்மின் கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள்.

"தண்ணி எங்க டீச்சர்?"

இன்னும் திட்டுவதற்காக வாயைத் திறந்திருந்த நிர்மலா, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். மகளையும் பார்த்தாள், டீச்சரையும் பார்த்தாள். எழிலரசி என்னவோ சொல்ல வந்தாள். அவளுக்கு மறுபடியும் குரல் போய்விட்டது.