பத்து முதல் ஒன்று வரை மில் ஓடாது

எங்கள் கல்லூரி சீவலப்பேரி போகும் சாலையில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் இயற்பியல் துறைக்கு ஒரு நுண்ணோக்கி வந்தது. அதில் லென்ஸ் கிடையாது. ஊசிமுனை ஒன்று பொருளின் மேல் தடவிப் போய், கண்ணுக்கு எட்டாத மேடு பள்ளங்களைத் திரையில் படமாக வரையும். பக்கத்தில் யாராவது தும்மினால்கூடப் படம் கெட்டுவிடும். அதனால் நான்கு கால்களிலும் காற்று அடைத்த தனி மேசை ஒன்றும் கூடவே வந்தது. தரையின் அதிர்வு மேலே ஏறாமல் அந்தக் காற்று தடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் பொறுப்பு நான். கொஞ்சம் திமிரும் வந்தது.

படம் எடுத்தால் குறுக்கே கோடு கோடாக விழுந்தது. நான் கையேட்டைப் புரட்டவில்லை. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாவு மில் இருந்தது. காரணம் தேடிய என் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

மில்காரர் அறுபதை நெருங்கிய அண்ணாச்சி. அவரும் மனைவியுமாக நடத்துகிறார்கள். காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை மில்லை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பெண்கள் மாவு திரிக்க வரும் நேரம் அதுதான். தெரிந்தேதான் கேட்டேன்.

“ஆராய்ச்சிக்குன்னு கேக்கீங்க. நிறுத்திட்டாப் போவுது, டீச்சர்,” என்றார்.

மறுநாளே ஒரு சிலேட்டில் நேரத்தை எழுதித் தொங்கவிட்டார். டப்பாவோடு வந்தவர்களிடம், “அங்கன ஆராய்ச்சி நடக்கு. மில்லு ஓடுனா படம் கெட்டுப் போயிரும். ஒரு மணிக்கு மேல வாங்க,” என்று அவர் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்கும். எங்கள் துறைத்தலைவரைவிட நன்றாகவே விளக்கினார். கேட்டவர்களில் பாதிப் பேர் ஒரு மணிக்குத் திரும்பி வரவில்லை. அடுத்த தெரு மில்லுக்குப் போனார்கள்.

கோடுகள் போகவில்லை. ‘குறைந்திருக்கிறது’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஒரு மனிதரின் மில்லை நிறுத்தி வைத்துவிட்டு வேறு எதை எழுதுவது? இப்படியே மூன்று மாதம் ஓடியது.

மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊரெல்லாம் கரண்ட் நின்ற ஒரு நாள், இன்வெர்ட்டரில் கருவியை ஓட்டிப் பார்த்தேன். மில் ஓடவில்லை, பம்புசெட் ஓடவில்லை, மின்விசிறிகூடச் சுற்றவில்லை. கோடுகள் மட்டும் வழக்கம்போல வந்தன.

அன்றுதான் கையேட்டை முழுதாகப் படித்தேன். மேசை காற்றில் மிதக்க வேண்டுமாம். விரலால் தொட்டால் மெல்ல ஆட வேண்டுமாம். என் மேசை ஆடவில்லை. வந்த புதிதில் ஆடியது. ஆடுகிற மேசையைக் கண்டால் அட்டையை மடித்துக் காலுக்கடியில் சொருகுகிற ஊரில் வளர்ந்தவள் நான். ஆட்டம் நிற்கும்வரை காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்ததும் நானேதான். மேசை கால்களின் மேல் கல்லாக உட்கார்ந்துவிட்டது. சாலையில் போன டவுன் பஸ் ஒவ்வொன்றும் என் படத்தில் ஏறி இறங்கியிருக்கிறது.

அழுத்தத்தைக் கூட்டி மேசையை மிதக்கவிட்டேன். கோடுகள் போய்விட்டன. எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் மதில் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் போனேன். “அண்ணாச்சி, தப்பு எம்மேலதான். மில்லைப் போடுங்க,” என்றேன்.

அவர் நம்பவில்லை. “எங்க பொழப்பைப் பாத்து எரக்கப்பட்டுச் சொல்லுதீங்க. உங்க வேலையைக் கெடுத்துக்கிடாதீங்க, டீச்சர்.”

வேறு வழியில்லாமல் அவரை ஆய்வகத்துக்கே அழைத்துப் போனேன். செருப்பை வாசலில் விட்டு, சட்டையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மில்லைப் போடச் சொல்லி மனைவிக்குப் போன் செய்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் மில் இரைந்தது. திரையில் படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, ஒரு கோடுகூட இல்லாமல். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

படம் முடியும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

“அப்போ நான் நிறுத்தி வச்சதுனால இங்கன ஒண்ணுமே ஆவலையா, டீச்சர்?”

“ஒண்ணும் ஆகலை, அண்ணாச்சி,” என்றேன்.