புகை இல்லாத துவா

தொண்டி கடைத்தெருவில் மதார் பாயின் சாம்பிராணிச் சட்டி வராத வியாழக்கிழமை கிடையாது. ஒரு கையில் சட்டி, மறு கையில் மயிலிறகுக் கட்டு. கடை கடையாக ஏறி, நாலு மூலைக்கும் புகை காட்டி, துவா ஓதிவிட்டு இறங்குவார். சாதி மதம் பார்க்கிற புகையா அது? செருப்புக்கடைக்கும் உண்டு, செல்போன் கடைக்கும் உண்டு. கொடுப்பதை வாங்கிக்கொள்வார். அதுதான் பிழைப்பு.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூ விற்கும் பிச்சையம்மாளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுவார். மனுஷிக்கு இளைப்பு. பனிக்காலம் வந்தால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாது. பாவம், சீக்கிரம் குணமாகட்டும் என்று இன்னொரு கை சாம்பிராணியை அள்ளிப் போடுவார். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து நிற்பாள். என்ன ஒரு பக்தி என்று மதார் பாய்க்குப் பூரிப்பு தாங்காது.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை, அவர் ஓதி முடிப்பதற்குள் அவள் பூக்கூடை மேலேயே சரிந்துவிட்டாள். சட்டியைப் போட்டது போட்டபடி விட்டு, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்து கொடுத்த பிறகுதான் மூச்சு திரும்பியது.

நர்சம்மா பொறுமையாகச் சொன்னார். புகையில் கண்ணுக்குத் தெரியாத பொடி இருக்குமாம். மூக்கில் நிற்காமல் நேரே நெஞ்சுக்குள் போய், இளைப்புக்காரர்களின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடுமாம். வண்டிப் புகை, அடுப்புப் புகை, எதுவும் ஆகாதாம். கடைப்பக்கம் யாராவது புகை போடுகிறார்களா என்று கேட்டார்.

கால்மாட்டில் நின்ற மதார் பாய் சாம்பிராணி அப்பிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிச்சையம்மாள் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

“பஸ்சுப் புகைதான் தாயி. வேற ஒண்ணுமில்ல.”

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதார் அவர். இத்தனை வருஷம் அவள் முந்தானையால் வாயைப் பொத்தியது புகைக்குப் பயந்து. வேண்டாம் என்று சொன்னால் பாய் மனசு நோகுமே என்று சொல்லாமலே இருந்திருக்கிறாள். மூச்சைக் கொடுத்தா ஒருத்தி மரியாதை காப்பாள்!

அவள் கடைக்குத் திரும்பிய வியாழக்கிழமை, தூரத்துக் கடைகளுக்காகச் சட்டியைப் பற்றவைக்கும் முன்னாலேயே அங்கே வந்து நின்றார். புகை வாடை போகக் குளித்து, துவைத்த சட்டை போட்டிருந்தார். அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் இனி ஓதுவது மட்டும்தான் என்று சொல்லியாயிற்று. ரெண்டு பேர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டுமே.

மயிலிறகை அவள் தலையில் வைத்து மெதுவாக ஓதினார்.

“எங்க பாய், சாம்பிராணியக் காணோம்?”

“ஒனக்குப் புகை வேணாம் தங்கச்சி. ஓதுனாலே அல்லாவுக்குக் கேக்கும். அன்னைக்கு நர்சம்மாகிட்ட நீ சொன்ன பொய்யும் கேட்டுருக்கும்.”

பிச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தாமலே சிரித்தாள். இருமல் வரவில்லை.