இறுக்காமல் விட்ட ஐந்து நட்டு

அந்தப் பெட்டி வண்டியைக் கட்டியவர் என் மனைவியின் அண்ணன். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர், ராணுவத்தில் கழித்துப் போட்ட ஒரு பழைய ஜீப்பையும், அதன் பின்னால் மாட்டி இழுக்கிற இரண்டு சக்கர டிரெய்லரையும் ஏலத்தில் எடுத்து வந்தார். டிரெய்லரின் மேல் பலகையால் ஓர் அறை எழுப்பி, தகரக் கூரை போட்டு, உள்ளே இரண்டு பக்கமும் படுக்கிற பெஞ்சு அடித்து, பின்புறம் கம்பி வைத்த ஒரு ஜன்னலும் வைத்தார். சீசனுக்குக் குற்றாலம் வந்தால் அறை தேடி அலைய வேண்டாம், நிறுத்திய இடத்தில் படுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அறுபதுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு வண்டியை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. அருவிக்கு வருகிறவர்கள் ஈரத் துண்டோடு நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

நான் அப்போது குற்றாலத்தில் ஒரு விடுதியில் வேலை பார்த்தேன். வருகிறவர்களுக்கு அறை ஒதுக்கித் தருவது என் பொறுப்பு. விடுதிக்குப் பின்னாலேயே ஒரு சிறிய வீட்டில் நானும் மனைவியும் இரண்டு வயது மகளும் இருந்தோம். ஆனி மாதத்தில் சங்கரன்கோவிலில் மனைவியின் சித்தி மகளுக்குக் கல்யாணம் வந்தது. சீசன் நேரத்தில் எனக்கு விடுப்பு கிடையாது. மைத்துனர் தங்கையையும் பிள்ளையையும் முன்னால் அழைத்துப் போவது, நான் மறுநாள் பஸ்ஸில் போய்ச் சேருவது என்று பேச்சு.

புறப்பட வேண்டிய காலையில் பார்த்தால் டிரெய்லரின் இடது சக்கரம் காற்று இறங்கிக் கிடந்தது. மைத்துனர் ஜீப்பின் எஞ்சினுக்குள் தலையை விட்டு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். “நான் மாத்துதேன் மச்சான்” என்று வீராப்பாகச் சொல்லி வீல் ஸ்பானரை எடுத்தேன். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் கிடையாது.

முதல் நட்டே அசையவில்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்றேன். அதுவும் வழுக்கி முழங்காலில் அடி விழுந்தது. சாரல் வேறு விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டி உள்ளங்கை தோல் உரிந்த பிறகுதான் மைத்துனர் வந்து பார்த்துச் சிரித்தார்.

“மாப்ளே, நீரு இறுக்கிக்கிட்டுல்லா இருக்கீரு! பட்டாளத்து வண்டியில இடது பக்கச் சக்கரத்துக்கு மரை தலைகீழா இருக்கும். வலது பக்கம் எப்படிக் கழத்துவீரோ, அதுக்கு எதிரா திருப்பும். ஓடும்போது தானா கழண்டுறக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான்.”

அதன் பிறகு ஐந்து நட்டும் ஒழுங்காகக் கழன்றன. மாற்றுச் சக்கரத்தைத் தூக்கி மாட்டி, ஐந்தையும் விரலால் திருகி வைத்தேன். சக்கரம் தரையில் ஊன்றிய பிறகுதான் ஸ்பானர் போட்டு நன்றாக இறுக்க வேண்டும். ஜாக்கியை இறக்கி வெளியே இழுத்தேன். ஸ்பானரைக் கையில் எடுக்கவும் விடுதியில் கூட்டிப் பெருக்குகிறவர் ஓடி வரவும் சரியாக இருந்தது.

“அண்ணாச்சி, மேல ரெண்டு குடும்பம் ஒரே ரூமுக்கு அடிச்சிக்கிடுதாவ. கைகலப்பு ஆயிரும் போல, சீக்கிரம் வாங்க.”

தப்பு என்னுடையதுதான். முந்தின நாள் ஒரே அறையை இரண்டு பேருக்கு எழுதியிருந்தேன். முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடும். நான் நடக்கத் தொடங்கினேன். பின்னாலிருந்து மைத்துனர் குரல் கேட்டது.

“மாப்ளே, முடிஞ்சுட்டா?”

“முடிஞ்சுட்டு மச்சான்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். பொய் சொல்லும் எண்ணம் இல்லை. மனசு மாடிக்குப் போய்விட்டது, வாய் மட்டும் பதில் சொன்னது.

மாடியில் ஒருவர் இன்னொருவரின் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தாழ்வாரத்தில் எறிந்திருந்தார். இரண்டு பேரையும் கும்பிட்டு, ஒரு குடும்பத்தை எங்கள் வீட்டிலேயே தங்க வைக்கிறேன் என்று சமாதானம் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. ஆனதும் அந்தக் குடும்பத் தலைவர் என் கையைப் பார்த்து, “அதக் கீழ வையும்யா, பிள்ளைகள் பயப்படுது” என்றார்.

குனிந்து பார்த்தேன். வீல் ஸ்பானர்.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வண்டி நின்ற இடத்தில் தரை மட்டும் நனையாமல் நீளச் சதுரமாகக் கிடந்தது. ஓரத்தில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த பெண்பிள்ளையிடம் கேட்டேன்.

“அது போயி நேரமாச்சே. போலீஸ்காரரு வந்து ரோட்ட மறிக்காத, எடுன்னு சத்தம் போட்டாரு. ஒங்க வீட்டம்மா மாடியப் பாத்துப் பாத்து நின்னா. பெறவு ஏறிட்டா.”

“ஜீப்லயா ஏறுனா?”

“பெட்டிக்குள்ள. பிள்ள தூங்குதுன்னு தூக்கிட்டுப் போயி படுக்கப் போட்டா.”

விடுதி வாசலில் பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே பேசிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் கேட்கவில்லை. ஸ்டாண்டைத் தட்டிவிட்டு ஏறி மிதித்தேன். “ஏலே, சைக்கிளு! ஏ, கள்ளன்!” என்ற சத்தம் கொஞ்ச தூரம் துரத்தி வந்தது. திரும்பி விளக்கம் சொல்ல நேரமில்லை. பின்னால் கட்டியிருந்த இரண்டு காலிக் கேனும் கடகடவென்று மோதிக்கொண்டே வந்தன. ஸ்பானரைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்திருந்தேன்.

சீசன் கூட்டம் சாலை முழுவதும். மணியை அடித்தால் அது அடிக்கவில்லை. வழி விடுங்க, வழி விடுங்க என்று கத்தினேன். பைத்தியம் என்று நினைத்து விலகினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும், அதைத் தாண்டினால் வண்டி கவிழ்ந்து கிடக்கும், சுற்றிக் கூட்டம் நிற்கும் என்று நினைத்து மனசைக் கல்லாக்கிக்கொள்வேன். திருப்பம் தாண்டினால் வெறும் சாலை இருக்கும். அது ஆறுதலாக இல்லை. நட்டு இன்னும் கொஞ்சம் கழன்றிருக்கும் என்றுதான் தோன்றும்.

மேலகரத்துக்குள் நுழையும் இடத்தில் செயின் கழன்றது. அதை மாட்டும்போது அழுதுவிட்டேன். அங்கே பூ விற்றுக்கொண்டிருந்தவளிடம், “பின்னால பெட்டி கட்டுன ஜீப்பு போச்சாம்மா?” என்றேன்.

“இப்பத்தான் நின்னு பிச்சிப்பூ வாங்கிட்டுப் போறாவ. நாலு மொழம் வேணும்னு அந்தப் பிள்ள கேட்டா, நான் கெட்டிக் குடுக்க நேரமாயிட்டு. ஆமா, அந்தப் பெட்டி என்ன அந்த ஆட்டம் ஆடுது?”

மறுபடி மிதித்தேன். கடைகளைத் தாண்டியதும் சாலை நடுவில் ஒரு நட்டு கிடந்தது. மழையில் கழுவினது மாதிரிப் பளபளவென்று கிடந்தது. நான் நிறுத்தவில்லை. எண்ணிக்கை மட்டும் மனசுக்குள் ஓடியது. இன்னும் நாலு இருக்கலாம். மூணு இருக்கலாம்.

வீடுகள் முடிந்து இருபுறமும் வயல் வந்த இடத்தில் அவர்களைப் பார்த்துவிட்டேன். கூப்பிடு தூரத்துக்கும் கொஞ்சம் அதிகம். ஜீப் நிதானமாகத்தான் போனது. டிரெய்லரின் இடது சக்கரம் நேராக உருளாமல், குடித்தவன் நடப்பது போல உள்ளேயும் வெளியேயும் சாய்ந்து சாய்ந்து உருண்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். எஞ்சின் இரைச்சலில் மைத்துனருக்கு எதுவும் கேட்கவில்லை.

பின் ஜன்னலில் என் மனைவியின் முகம் தெரிந்தது. தலையில் புதுப் பூ. கேன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. சொல்லிக்கொள்ளாமல் போகிறோமே என்ற குறை அவளுக்கு இருந்திருக்கும், நான் வழியனுப்பத்தான் சைக்கிளில் வருகிறேன் என்று நினைத்துவிட்டாள். உள்ளே திரும்பிப் பிள்ளையை எடுத்து ஜன்னலோடு சேர்த்துப் பிடித்து, அதன் கையைத் தூக்கி டாட்டா காட்டினாள். நான் இரண்டு கையையும் விட்டு நிறுத்து, நிறுத்து என்று ஆட்டினேன். அவள் இன்னும் வேகமாகப் பிள்ளையின் கையை ஆட்டினாள். பிள்ளை சிரித்தது.

என் வாழ்க்கையில் அதைவிடக் கையாலாகாமல் நான் இருந்ததில்லை.

அப்புறம் ஸ்பானரை உயரத் தூக்கிக் காட்டினேன். இடது சக்கரத்தைப் பார்த்து நீட்டினேன். “சக்கரம்! கழலுது! வலது பக்கம் போ!” எது காதில் விழுந்தது, எது விழவில்லை என்று தெரியாது. அவள் சிரிப்பு நின்றது. ஒரு கணம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஜன்னலில் யாரும் இல்லை. முன்பக்கப் பலகையில் அவள் கையால் அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. “அண்ணே! அண்ணே!”

சக்கரம் கழன்றது. வண்டியைவிட வேகமாக அது தனியாக ஓடி, வரப்பில் ஏறிக் குதித்து வயலுக்குள் விழுந்தது. பெட்டி இடது பக்கமாகச் சரிந்து, இரும்பு தார்ச்சாலையைக் கீறிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. வாய்க்கால் ஓரம் வரை இழுபட்டுப் போய், ஜீப் நின்றதும் நின்றது.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். மைத்துனர் எனக்கு முன்னால் கதவை இழுத்துத் திறந்துவிட்டார். அவள் வலது பக்கப் பெஞ்சின் மூலையில், முதுகைப் பலகையில் முட்டுக்கொடுத்து, பிள்ளையை மெத்தையால் சுற்றி மடிக்குள் அமுக்கி உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் சாமான் எல்லாம் ஒரே குவியல். அங்கேதான் முன்பு பிள்ளை படுத்திருந்தது. அவள் நெற்றியில் ஜன்னல் கம்பி கிழித்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. பிள்ளை ஒரு மூச்சு இல்லாமல் இருந்தது. அப்புறம் வீரிட்டு அழுதது. மூன்று பேரும் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

மைத்துனர் என் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தார்.

“முடிஞ்சுட்டுன்னு சொன்னீரே வேய்!”

அதுவரை அவர் என்னை மரியாதைக் குறைவாக ‘வேய்’ என்று அழைத்ததே இல்லை. “விரலால திருகி வச்சேன் மச்சான், இறுக்கல” என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் துண்டைக் கிழித்துத் தங்கையின் தலையில் கட்டிவிட்டு, சக்கரத்தைத் தேடி வயலுக்குள் இறங்கினார்.

மாட்டுவதற்கு நட்டு வேண்டுமே. டிரெய்லரின் வலது சக்கரத்திலிருந்து ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். மரை சேரவில்லை. “ச்சே, இது வேற திசைல்லா” என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஜீப்பின் இடது பக்கச் சக்கரங்கள் இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று கழற்றினோம். நான் வந்த வழியே ஓடி, சாலையில் கிடந்த அந்த ஒன்றை எடுத்து வந்தேன். அடிவாங்கிய போல்ட்டில் அது ஏற மறுத்தது. மைத்துனர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினார். மூன்று நட்டோடு தென்காசி வரைக்கும் நடை வேகத்தில் உருட்டிவிடலாம், அங்கே ஆஸ்பத்திரியும் ஒர்க்‌ஷாப்பும் இருக்கிறது என்றார். ஸ்பானரை அவர் என்னிடம் தரவேயில்லை. மூன்றையும் அவரே இறுக்கினார், அவரே திரும்பவும் தொட்டுப் பார்த்தார்.

மனைவி ஜீப்பின் முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்று பிள்ளைக்குக் கையை நீட்டினேன். பிள்ளை வரத்தான் பார்த்தது. அவள் விடவில்லை.

“சைக்கிளு யாருதோ, கொண்டு போயி குடுங்க” என்றாள். அவ்வளவுதான்.

பால்காரர் கோபத்தில் நாலு பேரைக் கூட்டி வைத்திருந்தார். என் உரிந்த உள்ளங்கையிலிருந்து சட்டையில் பட்டிருந்த ரத்தத்தைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். அவர் சைக்கிளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, “போயி முகத்தக் கழுவும்” என்றார்.

மறுநாள் சங்கரன்கோவில் கல்யாண வீட்டில் கால் வைக்கும்போது என் உடம்பு கூசியது. எல்லாருக்கும் தெரிந்திருக்கும், மாமனார் வீட்டு ஆட்கள் முகம் கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். எல்லாரும் வழக்கம் போல “வாங்க, வாங்க” என்றார்கள். அவள் நெற்றியில் நாலு தையல். கேட்டவர்களிடமெல்லாம், ஜீப்பில் ஏறும்போது இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருந்தாள். மைத்துனரும் வாயைத் திறக்கவில்லை.

பந்தலுக்குப் பின்னால் அவளைத் தனியாகப் பிடித்து, ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

“பின்ன? எம்புள்ளையோட அப்பாவே அதக் கொல்லப் பாத்தாருன்னு ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லுதியளா?” என்றாள். குரல் உயரவில்லை. “நான் டாட்டா காட்டிக்கிட்டுல்லா நின்னேன். சிரிச்சுக்கிட்டே நின்னேன்.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணம் முடிந்தும் பத்து நாளுக்கு மேல் அங்கேயே இருந்தாள். வருவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. விடுதியில் யார் என்ன கேட்டாலும் இரண்டு தடவை போய்ச் சரிபார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். பத்தாம் நாள் கடுதாசி வந்தது: வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் தென்காசி வருகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றேன். பஸ்ஸிலிருந்து அவள் ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் பிள்ளையுமாக இறங்கினாள். பெட்டியை வாங்கக் கை நீட்டினேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பெட்டிய நான் வச்சுக்கிடுதேன்” என்று சொல்லிப் பிள்ளையை என்னிடம் நீட்டினாள்.

குற்றாலம் பஸ் வரும் வரை பிள்ளையை நான் கீழே இறக்கவில்லை.