செத்தவர் வாயிலிருந்த பல்

அந்தத் தெருவில் பல்செட் கட்டுகிறவரை எல்லாரும் பல்லுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். கடையின் முன்பக்கம் ஒரு நாற்காலி, பின்பக்கம் மெழுகு உருக்கும் அடுப்பு, சுவர் அலமாரி முழுக்கச் சுண்ணாம்பு அச்சுகள். எந்த அச்சு யாருடையது என்று எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. எல்லாம் மனக்கணக்கு. கடைக்குப் பின்னாலேயே வீடு. அவரும் மனைவியும்தான். மனைவியின் தம்பி மூன்று வருஷம் முன்பு மலைக்காட்டுக்குப் போய் மாஸ்டரின் படையில் சேர்ந்துவிட்டான். அதைப் பற்றி அவர்கள் வீட்டுக்குள்ளேகூடச் சத்தமாகப் பேசியதில்லை.

மாஸ்டர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஊர்வலத்தில் விழுந்த தடியடியில் மேல்வரிசையில் மூன்று பல் போனது. அந்த இடத்துக்குக் கம்பிக் கொக்கியோடு பொய்ப்பல் தகடு செய்து கொடுத்தவர் பல்லுக்காரர். பிறகு மாஸ்டர் துப்பாக்கி தூக்கினார். அரசாங்கத்திடம் அவருடைய நல்ல புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அவர் வாயில் பல் தகடு இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

ஒருவர் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று மூன்று வாரமாகக் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். வாயைத் திறந்தால் அத்தனையும் முத்து முத்தான பல்.

“பல்லே கெடாதவன் மூணு தடவை வந்தான்னா, வேற எதையோ பிடுங்க வந்திருக்கான்” என்றார் பல்லுக்காரர் மனைவியிடம்.

நாலாவது தடவை அந்த ஆள் ஜீப்பில் வந்து இறங்கினார். உளவுத்துறை அதிகாரி. கைக்குட்டையைப் பிரித்து ஒரு பல் தகட்டை மேஜைமேல் வைத்தார்.

“ஆத்தங்கரைச் சண்டையில ஒருத்தன் செத்தான். முகம் கருகிப்போச்சு. வாயில இது இருந்துச்சு. மாஸ்டருக்கு நீ செஞ்சதா?”

பார்த்த மாத்திரத்திலேயே தன் வேலையில்லை என்று தெரிந்துவிட்டது. அவர் கொக்கிக் கம்பியை இரட்டையாக மடித்து முனையை ராவிவிடுவார். இது ஒற்றைக் கம்பி, யாரோ அவசரக்காரன் செய்தது.

“பழைய அச்சைத் தேடி எடுத்து வெச்சுப் பாக்கணும் சார்.”

“தகடு இங்கயே இருக்கட்டும். சாயங்காலம் வரேன்.”

ஜீப் போனதும் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். “ஏங்க, செத்தது மாஸ்டர்தான்னு சொல்லிட்டா தேடறதை நிறுத்திடுவாங்கதானே?”

“நிறுத்தலாம்.”

“அப்ப தம்பி வீட்டுக்கு வந்துடுவான்.”

“பொய்னு தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவாங்க.”

“தெரியாத மாதிரி செய்ங்க.”

அவர் அந்தத் தகட்டை வைத்தே புதிதாக ஓர் அச்சு வார்த்தார். அடுப்பனலில் உலர்த்தி, கரியும் தூசியும் தேய்த்துப் பழசாக்கினார். சாயங்காலம் அதிகாரி தகட்டை அச்சில் பொருத்திப் பார்த்தபோது கச்சிதமாக உட்கார்ந்தது. அது மாஸ்டரின் தகடுதான் என்று பல்லுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை ரேடியோ மாஸ்டரின் சாவைச் சொன்னது. சரணடைகிறவர்களுக்கு மன்னிப்பு என்றும் சொன்னது. தலைவர் போன பிறகு எதற்காக என்று ஆட்கள் கும்பல் கும்பலாக இறங்கி வந்தார்கள். தம்பியும் வந்தான். சோதனைச் சாவடியில் வெள்ளைத் துணியோடு சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததாக ஒரு பஸ் டிரைவர் சொன்னார். அவர்களை இரண்டு லாரியில் ஏற்றினார்கள். லாரிகள் ராணுவ முகாமுக்குப் போய்ச் சேரவே இல்லை.

மனைவி திங்கள்தோறும் மனுவோடு ராணுவ அலுவலகத்துக்குப் போனாள். “அப்படி லாரியே வரலம்மா” என்பான் குமாஸ்தா, ஒவ்வொரு தடவையும்.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம், வாயைத் துண்டால் மூடிய ஒருவர் கடைக்கு வந்து, இரண்டாக உடைந்த தகட்டை மேஜைமேல் வைத்தார். இரட்டை மடிப்புக் கம்பி.

“நான் செத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானாமே” என்றார் மாஸ்டர்.

“உங்களைத் தேட மாட்டாங்கன்னு…”

“இல்லை” என்றாள் வாசல்படியில் நின்ற மனைவி. “என் தம்பி திரும்பி வருவான்னு நான்தான் போடச் சொன்னேன்.”

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். வந்து சேர்றதுக்குள்ள எங்க மூணு முகாமும் காலி. மிச்சமிருந்த ரெண்டு பசங்க புதுசு. என்னைப் பாத்ததே இல்லை. போலீஸ் அனுப்பின ஆளுன்னு சுட வந்தாங்க.”

“என் தம்பி எப்படி இருந்தான்?”

“போன மழைக்கு ஜுரம் வந்துது. தேறிட்டான்.”

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். பல்லுக்காரர் தகட்டை ஒட்டி, ராவி, மாஸ்டர் வாயில் பொருத்தினார்.

“இனிமே எங்க போவீங்க?”

“உயிரோட இருக்கேன்னு சொல்லணும். யார்கிட்டயாவது.”

இரண்டு வாரம் கழித்து, மனுக் கொடுத்துவிட்டுத் திரும்பிய மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“நான்தான் மாஸ்டர்னு ஒருத்தர் அங்க போயிருக்கார். அந்த அதிகாரிக்கு இப்பப் பெரிய பதவி. அவரே வந்து பாத்தாராம். பைத்தியம்னு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாராம். சிரிச்சுக்கிட்டே சொல்றான் குமாஸ்தா.”

“வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தாங்களாமா?”

“அதை நான் கேக்கலை.”

அவர்தான் மாஸ்டர் என்று போய்ச் சொன்னால் உண்மை வெளியே வரும், கூடவே தன் உயிரும் போகும் என்று பல்லுக்காரருக்குத் தெரியும். அடுத்த திங்களும் மனைவி மனுவோடு கிளம்பினாள். அவர் தெருமுனை வரை கூடப் போய்விட்டு, கடையைத் திறக்கத் திரும்பி வந்தார்.