ஜக்கம்மாளின் நாற்பத்தேழு கிலோ

1987ஆம் வருடம் பங்குனி மாதம் ஒரு நாள், காலை பத்து மணிக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் பரளச்சிக்குக் கிழக்கே இருக்கும் வறண்ட கண்மாயில் ஒரு சின்ன விமானம் இறங்கியது. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் வெட்டிக்கொண்டிருந்த ஒன்பது பேரும் அரிவாளைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். ஓடாமல் நின்றவள் ஜக்கம்மாள் மட்டும்தான். விறகை அடுக்கி மண் பூசிய அவளுடைய கரிமூட்டம் அன்றுதான் புகைவிடத் தொடங்கியிருந்தது. அதை விட்டு நகர்ந்தால், எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்றுப் புகுந்து, உள்ளே இருக்கும் விறகெல்லாம் சாம்பலாகிவிடும்.

இரண்டு பேர் உட்காரக்கூடிய பயிற்சி விமானம் அது. மதுரையில் இருந்த ஒரு பயிற்சிக் கழகத்துக்குச் சொந்தமானது. பறந்துகொண்டிருக்கும்போதே இன்ஜின் விட்டுவிட்டு இருமி நின்றுபோயிருக்கிறது. கற்றுக்கொடுக்கும் ஜோஸ்வா, படிக்க வந்த பையனிடமிருந்து கட்டுப்பாட்டை வாங்கி, மரம் வெட்டி வெறுமையாகக் கிடந்த அந்தத் தரையில் இறக்கிவிட்டான். முன்சக்கரத்தில் முள் ஏறியதைத் தவிர வேறு சேதம் இல்லை.

ஜோஸ்வாவுக்கு இருபத்தொன்பது வயது. சொந்த ஊர் குமாரலிங்கபுரம். ஜக்கம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு முதலில் அவன் சொன்னது, "உங்க மூட்டத்துப் புகைதாங்கா எங்களக் காப்பாத்துச்சு. காத்து எங்கிட்டிருந்து அடிக்குதுன்னு அத வச்சுத்தான் பாத்தேன்."

அவள் வேறொன்று கேட்டாள். "மேலருந்து பாத்தா எங்க ஊரு எப்பிடித் தம்பி தெரியுது?"

ஜோஸ்வா யோசித்தான். "காடு முழுக்க ஒரே பச்சக் கம்பளி விரிச்ச மாதிரி. அதுல நீங்க வெட்டுன இடம் மட்டும் வெள்ளையா. நடுவுல மூட்டம் போட்ட எடமெல்லாம் கறுப்பு வட்டம் வட்டமா. பழைய வட்டம் லேசா, புது வட்டம் அழுத்தமா. எண்ணுனா நீங்க இத்தன வருசம் எங்கெங்க வேல பாத்தீகன்னு சொல்லிரலாம்."

ஜக்கம்மாளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பதினெட்டு வயதில் தனுஷ்கோடியைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வந்ததிலிருந்து கருவேலங்காட்டுக்குள்தான் பிழைப்பு. அந்தக் காட்டுக்குள் பத்தடிக்கு மேல் பார்வை போகாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முள். தான் வேலை பார்த்த இடமெல்லாம் எங்கோ ஒருவர் கண்ணுக்கு வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்பது அவள் மனதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று முழுவதும் வேலை செய்துகொண்டே அடிக்கடி அண்ணாந்து பார்த்தாள்.

விமானத்தைப் பிரித்து லாரியில் ஏற்றலாம் என்றால், கண்மாய்க்குள் லாரி வரப் பாதை இல்லை. பழுது பார்த்து அங்கிருந்தே பறக்கவைப்பது என்று முடிவாயிற்று. மெக்கானிக் வந்து கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு போனார். அது திரும்பி வரும்வரை, பையனை மதுரைக்கு பஸ் ஏற்றிவிட்டு, ஜோஸ்வா பரளச்சிப் பள்ளிக்கூடத்தில் தங்கினான். பகலில் வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் விமானத்தைத் தொட்டு ஆட்டாமல் பார்த்துக்கொள்வது ஜக்கம்மாளின் பொறுப்பாயிற்று.

உள்ளே ஒட்டியிருந்த சின்னச் சின்னத் தகடுகளைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் தெரியாது.

"எல்லாம் கட்டுப்பாடுதாங்கா. இந்த முள்ளு சிவப்புக் கோட்டத் தாண்டுற வேகத்துல போகக் கூடாது, இறக்கை தாங்காது. பின்னால இருக்குற பெட்டிக்கு அம்பத்துநாலு கிலோதான். ஆளு, பெட்ரோலு, வண்டி எல்லாம் சேத்து எழுநூத்தம்பத்தேழு கிலோவத் தாண்டக் கூடாது. குறுக்க அடிக்கிற காத்து இவ்வளவுக்கு மேல இருந்தா எறக்கவும் கூடாது, ஏத்தவும் கூடாது."

"தாண்டுனா என்ன ஆகும்?"

"சில நாளு ஒண்ணும் ஆகாது. அதான் ஆபத்து."

ஐந்தாம் நாள் ஜோஸ்வா ஒரு தாளும் பென்சிலுமாகக் கரையில் உட்கார்ந்திருந்தான். கண்மாயில் வெட்டிச் சமப்படுத்திய நீளம் முந்நூற்று இருபது மீட்டர். அதற்கு அப்பால் கரை, கரைமேல் மரங்கள். அந்த மரங்களைத் தாண்டி ஏற வேண்டும். கரடுமுரடான தரை ஓடும் வேகத்தைக் குறைக்கும், பங்குனி வெயிலில் காற்றின் கனமும் குறைந்து போகும். அதனால் அதிகாலையில், கால் டாங்க் பெட்ரோலோடு, தான் ஒருவன் மட்டும் போவதாகக் கணக்கு. அவனுடைய எடை சரியாகத் தெரிய வேண்டியிருந்தது. ஜக்கம்மாள் கரி மூட்டை நிறுக்கும் பலகைத் தராசில் அவனை ஏறி நிற்கச் சொன்னாள். அறுபத்துநாலு கிலோ. கருவிப் பையையும் நிறுத்தார்கள். பிறகு அவளே பலகைமேல் ஏறி நின்றாள்.

"இது எவ்வளவுன்னு பாருங்க தம்பி."

"நாப்பத்தேழு."

"இத உங்க தாள்ல சேத்துப் பாருங்க."

ஜோஸ்வா அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. கணக்குப் போட்டான். "முந்நூத்து நாப்பத்தஞ்சு மீட்டர் வேணும்க்கா. நம்மகிட்ட அவ்வளவு இல்ல."

"அவ்வளவுதான?" என்றாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் ஜக்கம்மாள் மூட்டத்துக்குக் கணவனைக் காவல் வைத்துவிட்டு, மேற்கு ஓரத்தில் அடர்ந்து நின்ற கருவேலத்தை வெட்டினாள். கூட இருந்த பெண்களில் மூன்று பேர் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். தூரைத் தோண்டி எடுத்து, பள்ளத்தை மம்பட்டியால் மூடி, மேலே கல்லுருளையை இழுத்தார்கள். தனுஷ்கோடி பந்தல்குடியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் மூட்டத்தைப் பார்த்துக்கொண்டான். "போயிட்டுத் திரும்பி வருவேல்ல?" என்று மட்டும் கேட்டான்.

"மதுரையில எறக்கி விடுவாக. பஸ்ஸுல வாரேன்."

ஜோஸ்வா அவளைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. பின்னாளில் அதை நினைத்து அவன் வருத்தப்பட்டதுண்டு. ஏழாம் நாள் மாலை நடந்து அளந்தான். முந்நூற்றெண்பது மீட்டர். அவள் கையெல்லாம் முள் கிழித்த கோடுகள்.

"அக்கா, நான் சொன்ன கணக்கு புது இன்ஜினுக்கு, நல்ல தரைக்கு. இந்த மாதிரி எடத்துல அதுக்கு மேல பாதி மடங்கு கையிருப்பு வச்சுக்கணும். அப்பிடிப் பாத்தா ஐந்நூறத் தாண்டும். மேல இருந்து வந்த உத்தரவுலயும் ஓட்டுறவரு ஒருத்தர் மட்டும்னுதான் போட்டிருக்கு. மொதல்லயே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல."

ஜக்கம்மாள் வெட்டிய தரையைப் பார்த்தபடி நின்றாள். கோபப்படவில்லை. "நீங்க வெட்டுனது வீணில்ல," என்றான் அவன். "எனக்குப் பாதுகாப்பு அறுபது மீட்டர் கூடியிருக்கு."

மறுநாள் காலை, சரிசெய்து வந்த கார்புரேட்டரை மாட்டி இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அவளைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு ஓரம்வரை தரையில் ஓட்டிக்கொண்டு போனான். மேற்கு ஓரத்தில் அவள் இறங்கி, தள்ளி நின்றாள். விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி, கரைக்கு முன்னாலேயே எழும்பி, மரங்களுக்கு மேலே போய்ச் சிறுத்தது. "மதுரைக்கு வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று இறங்கும்போது அவன் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வருடம் ஆடியில் போனாள். விமானக் கொட்டகைக்கு வெளியே காற்றடிக்கும் திசை காட்டக் கம்பத்தில் கட்டிய துணிப்பை விறைத்துப்போய்க் குறுக்காக நின்றது. ஜோஸ்வா கையைப் பிசைந்தான். குறுக்குக் காற்று அளவுக்கு மேல் இருக்கிறது, குறைந்தால் போகலாம் என்றான். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலரை வரை ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடிக் காற்று அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் வந்திருந்தாள். காற்று விழவில்லை. கடைசி பஸ்ஸுக்கு எழுந்து போனாள்.

அதன்பின் ஒன்றரை வருடம் போக முடியவில்லை. மூத்த மகளுக்குப் பேறுகாலம், பிறகு தனுஷ்கோடிக்கு முதுகில் அடி. ஆனால் அந்த நினைப்பு விடவில்லை. தண்ணீர் எடுக்கப் போகும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது என்று நேரம் காலம் இல்லாமல் வந்தது. காட்டுக்குள் புது இடத்தில் மூட்டம் போடும்போதெல்லாம், இது மேலிருந்து எங்கே விழும், பழைய வட்டத்துக்குப் பக்கமா, தள்ளியா என்று மனதுக்குள் வைத்துப் பார்ப்பாள்.

1989 தை மாதம் காற்றில்லாத ஒரு காலையில் மறுபடி போனாள். ஜோஸ்வா அவளைப் பார்த்ததும் சிரித்தான். பிறகு விமானத்தின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தவன் முகம் மாறியது.

"இந்த இன்ஜின இவ்வளவு மணி நேரம் ஓடுனா நிறுத்திப் பரிசோதிச்சே ஆகணும்னு கணக்கு இருக்குக்கா. அதுக்கு இன்னும் முப்பத்தஞ்சு நிமிசம்தான் பாக்கி. ஏறி எறங்குற நேரம் போக, தெக்க பதினோரு நிமிசம், திரும்ப பதினோரு நிமிசம். உங்க ஊருக்குப் போக மட்டுமே இருவத்திரெண்டு நிமிசம் ஆகும்."

"இருவத்திரெண்டு போயிட்டுத் திரும்புனா?"

"போகலாம். வண்டிக்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம். ஆனா நான் போக மாட்டேன்." பதிவேட்டை மூடிவிட்டு, "பத்து நாளு கழிச்சு வாங்க. பரிசோதனை முடிஞ்சிரும். உங்க கண்மாய் மேலேயே சுத்திட்டு வருவோம்," என்றான்.

பத்து நாளில் என்னென்ன நடக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். "இன்னைக்கே போவோம் தம்பி. பாதி வரைக்கும் போவோம்," என்றாள்.

போனார்கள். தரை கழன்று விழுவதுபோல் கீழே போனபோது அவள் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிடியை விட்டாள். கண்மாய்கள் கண்ணாடித் துண்டுகளாகக் கிடந்தன. ரோடு ஒரு நூல். பஸ் ஒன்று அதில் ஊர்ந்தது. காரியாபட்டியைத் தாண்டியதும் ஜோஸ்வா முன்னால் கையை நீட்டினான். "அந்தா வெளுப்பா தெரியுதே, அருப்புக்கோட்டை. அதுக்கு இடது கைப்பக்கம் தள்ளி, இன்னும் அங்கிட்டு."

அங்கிட்டுப் பனிமூட்டம். அதற்குள் நாலைந்து இடத்தில் புகை எழுந்து நின்றது. எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தாள். ஜோஸ்வா கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"இன்னும் செத்த நேரம், தம்பி."

"திருப்பணும்க்கா."

இறக்கை சாய்ந்தது. தெற்குத் திசை அவள் பக்கத்துக் கண்ணாடியில் மெல்ல நழுவிப் பின்னால் போனது. அவள் கழுத்தைத் திருப்பி, முடிந்தவரை பார்த்தாள்.

அடுத்த மாதமே வடக்கே வேலை கிடைத்து ஜோஸ்வா போய்விட்டான். இரண்டு கடிதம் போட்டான். விமானம் பரிசோதனைக்குப் பிரித்ததோடு கிடந்தது, கழகம் தொண்ணூற்றிரண்டில் மூடப்பட்டது. ஜக்கம்மாள் அதன்பிறகும் மூட்டம் போட்டாள், கரி நிறுத்தாள், பேரப்பிள்ளைகளைப் பார்த்தாள். மேலே போனதைப் பற்றி யாராவது கேட்டால், "பாதி தூரம் போனேன்" என்பாள். தனுஷ்கோடி ஒருதரம், "பாதி போதாதா?" என்று கேட்டான்.

"போகாம இருந்தாக்கூட மறந்திருப்பேன். பாதி போனதுனால மீதி இழுக்குது," என்றாள்.

தொண்ணூறுகளில் ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு என்று மதுரைக்குப் பலமுறை பஸ்ஸில் போய்வந்தாள். திரும்பி வரும்போது காரியாபட்டி தாண்டும் இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மேலே பார்ப்பாள். பஸ் அருப்புக்கோட்டையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்.