பாய்லருக்குக் கட்டிய காப்பு

சௌந்திரத்துக்குத் தன் புருஷன் மேல் ஒரே ஒரு குறைதான். எந்தப் பொருளையும் இனி ஆகாது என்று அந்த மனுஷர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஓட்டைச் செம்பைக்கூட மடியில் வைத்துக் கொஞ்சி, ஈயம் வைத்த பிறகுதான் கீழே விடுவார்.

அவள் புருஷன் சென்றாயன் திருச்செங்கோட்டுப் பக்கம் அப்புசாமிக் கவுண்டர் தோட்டத்தில் எஞ்சின்காரர். கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றிய ஆயில் எஞ்சின், யுத்தம் வந்து எண்ணெய்க்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும் படுத்துவிட்டது. மஞ்சள் வயல் வாடியது. எண்ணெய் இல்லாவிட்டால் போகிறது, இதையே நீராவியில் ஓட்டிக் காட்டுகிறேன் என்றார் சென்றாயன். கவுண்டர் சிரித்தார். சிரித்து முடித்ததும் வயலைப் பார்த்தார்; சரி என்றார்.

மூடிக் கிடந்த ஒரு பருத்தி ஆலையிலிருந்து சின்ன பாய்லர் ஒன்று மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. எரிக்கக் கடலைத் தோலும் பருத்திமாரும் இருக்கவே இருந்தன. எஞ்சினைப் பழக்குவதுதான் பெரும்பாடு. எண்ணெயில் ஓடும்போது அது இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான் உதை வாங்கும்; ஆவிக்கு ஒவ்வொரு சுற்றிலும் உதை வேண்டும். அதனால் வால்வைத் தூக்கிவிடும் இரும்பில் இருந்த ஒற்றை மேட்டுக்கு எதிரே இன்னொரு மேடு வைத்து, வாரக்கணக்கில் அரத்தால் ராவினார். ஆவி முட்டித் தானாகத் திறந்துகொள்ளாதபடி வால்வுக்கு வலுவான ஸ்பிரிங் போட்டார். சோற்றைப் பிசைந்தபடி இதையெல்லாம் அவர் சொல்ல, சௌந்திரமும் உம் கொட்டுவாள். கண்ணெல்லாம் அவருடைய இடக்கை மேல்தான் இருக்கும். சோதனை பார்க்கும்போது குழாய் இணைப்பில் ஆவி கசிந்து முழங்கை வரை வெந்துபோயிருந்தது. கற்றாழைச் சோறு வைத்துக் கட்டியவள் அவள்தான்.

போதாக்குறைக்கு, எங்கோ ஓர் ஆலையில் பாய்லர் வெடித்து ஓடெல்லாம் பறந்த கதையையும் சென்றாயன் சுவாரசியமாகச் சொல்லிவைத்தார். ஆண்களுக்கு எதை எப்போது சொல்வது என்றே தெரிவதில்லை. அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை, பிறந்த வீட்டிலும் யாரும் மிச்சமில்லை. இந்த ஒரு மனுஷர்தான் அவளுக்கு எல்லாம். இது வெடிக்காதா என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்க, ஒருநாள் எஞ்சின் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பாய்லரின் தலையில் குண்டு தொங்கும் ஓர் இரும்புக் கோல். ஆவி மிஞ்சினால் அந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு வெளியே சீறிவிடும்.

"இதுதான் புள்ள என்ர உசுரக் காக்கறது," என்றார்.

கோல் ஏன் எழுகிறது என்பது அவள் மனசில் தங்கவில்லை; காக்கிறது என்ற சொல் மட்டும் தங்கியது. அவள் ஜலகண்டாபுரத்து நெசவு வீட்டில் பிறந்தவள். காக்கிற பொருளுக்குக் காப்புக் கட்டாமல் இருப்பாளா? எஞ்சினை ஓட்டப்போகும் காலையில் பாவு நூலைப் பல புரியாக முறுக்கி, மஞ்சளில் நனைத்து, காளியம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்தாள். சென்றாயன் கிணற்றுக்குள் இறங்கிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், அந்தக் கோலையும் அதன் கீழிருந்த இரும்புக் காலையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். தறிக்காரர் போடும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். மேலே ஒரு செவ்வந்திச் சரத்தையும் போட்டுக் கும்பிட்டபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் மனசு நிறைந்திருந்தது.

தேங்காய் உடைத்தார்கள். அடுப்பெரிக்கும் வேலை சௌந்திரத்துக்கு என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள்; அவள் தீயை மூட்டி ஆவி ஏற்றினாள். சென்றாயன் ஆவியைத் திறந்துவிட்டுச் சக்கரத்தைத் தள்ளினார். எஞ்சின் முக்கியது, முனகியது, பிறகு பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் விழுந்ததும் கவுண்டரே வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அதில் இறங்கி நின்றார்.

சென்றாயன் முகத்தில் மட்டும் சிரிப்பு நின்றுபோனது. அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. சீற வேண்டிய ஆவி சீறவில்லை. எல்லோரையும் வரப்புக்கு அப்பால் போகச் சொல்லிவிட்டு, அடுப்பு நெருப்பை வெளியே வாரித் தள்ளினார். பிறகு பாய்லர் மேல் ஏறிப் பூச்சரத்தை விலக்கியவர் அப்படியே நின்றார். தூரத்திலிருந்து பார்த்த சௌந்திரத்துக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

அவர் அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தார். கோல் துள்ளி எழுந்தது. கொட்டகையே வெள்ளையாகப் போகும்படி ஆவி சீறியது. அந்த வெண்மைக்குள்ளிருந்து அவர் முழு ஆளாக வெளியே வரும்வரை அவள் மூச்சு விடவில்லை.

கட்டினது யார் என்று கவுண்டர் கேட்டார். சென்றாயன் அறுந்த கயிற்றை மடியில் செருகிக்கொண்டார்.

"நாந்தானுங்க," என்றாள் சௌந்திரம். "அவரைக் காப்பாத்தோணும்னுதான் கட்டுனனுங்க." சொல்லிவிட்டு அழுதாள்.

கவுண்டருக்கு வந்த கோபத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இனி இந்தப் பொம்பளை கொட்டகைப் பக்கமே தலைகாட்டக் கூடாது, அடுப்புக்கு வேறு ஆள் பார் என்றார்.

சென்றாயன் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "ஏனுங்க, பயமில்லாதவனை பாய்லர்கிட்ட உட்டா எல்லாரும் போய்ச் சேந்துருவோமுங்க. என்ர உசுருக்கு என்னையக் காட்டியும் பயப்படறவ இவ ஒருத்திதான். முள்ளு எங்க நிக்கோணும், கோலை ஏங் கட்டக் கூடாதுன்னு சொல்லித் தராதது என்ர தப்புங்க. அடுப்பு இவ கையிலயே இருக்கட்டும்."

கவுண்டர் வாடிய வயலையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு நடந்தார். அன்று மத்தியானமே சௌந்திரம் மறுபடி அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். யுத்தம் முடிந்து எண்ணெய் வரும்வரை அந்த இடத்தை வேறு யாருக்கும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.